திறந்திருந்த டிக்கியைத் திறந்தவள்

என் வலது கை இடது கையைவிட இரண்டு அங்குலம் நீளம். நம்பாதவர்கள் என் தையற்காரரைக் கேட்கலாம். என் சட்டைக்கு இரண்டு கைக்கும் தனித்தனி அளவு எழுதி வைத்திருக்கிறார். பிறவிக் கோளாறு இல்லை, உத்தியோகக் கோளாறு. கார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் டிக்கி மூடிப் பார்க்கிற வேலை எனக்கு. வரிசையில் வண்டி கடைசியாக என்னிடம்தான் வரும். திறப்பேன், மூடுவேன், காது கொடுப்பேன். 'டப்' என்றால் போகலாம். 'டங்' என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். 'டொப்' என்றால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பதோடு, அதை முடுக்கியவன் முந்தின நாள் வீட்டில் யாரோடு சண்டை போட்டான் என்பது வரை சொல்லிவிடுவேன்.

எங்கள் தொழிற்சாலையில் மழை வருமா என்று யாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்ததில்லை. "அண்ணே, ஒரு டிக்கியைச் சாத்துங்க" என்பார்கள். சத்தத்தில் ஈரம் இருந்தால், காயப்போட்ட துணியை எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட ஒருவன் வீட்டு வாசலில், அவனுடைய சொந்த மகளின் காரில், ஒரு டிக்கி மூடமாட்டேன் என்று சொன்னதென்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகளுக்கு அன்று பதினொரு மணிக்குப் பரிசோதனை. எட்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறாள். எட்டு வருடமும் அடுத்தவர் கார். அந்த முதலாளியிடம் பன்னிரண்டு வண்டிகள். பன்னிரண்டு சாவிகளையும் சுவரில் பன்னிரண்டு ஆணியில் மாட்டிவிட்டு, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, சினிமா பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். போன மாதம் மகள் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அவருடைய சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவர் கை நீட்டக்கூட இல்லையாம். "அந்த ஆணியிலயே மாட்டிட்டுப் போம்மா. எப்படியும் நீதானே வந்து எடுக்கப்போறே" என்றாராம்.

மாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைய சாப்பாட்டில் உப்பே இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அறிகுறி கிடையாது.

கார் வாங்கினால் மட்டும் போதாது. பரிசோதனை நிலையத்தில் ஆய்வாளர் ஒருவர் விளக்கு, பிரேக், பெல்ட், டிக்கி எல்லாம் பார்த்து முத்திரை குத்தினால்தான் ஆள் ஏற்றலாம். கொடுத்த நேரத்துக்குப் போகாவிட்டாலும் சரி, போன இடத்தில் ஒன்று தவறினாலும் சரி, அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. மூன்று மாதம் என்றால் அந்த ஆணிதான். நிலையம் முக்கால் மணி நேரப் பயணம். பத்தேகால் மணிக்காவது கிளம்பியாக வேண்டும்.

எட்டரை மணிக்கு மகள் உபரிச் சக்கரம், ஜாக்கி, சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கிவிட்டு மூடியைச் சாத்தினாள். 'டங்'. மூடி துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

இன்னொரு தடவை. 'டங்'.

"அப்பா, டிக்கி மூடலை."

நான் டீயைக் கீழே வைத்தேன். பணி ஓய்வு பெற்ற பதினோரு வருடத்தில் யாராவது இந்த வாக்கியத்தைச் சொல்லமாட்டார்களா என்று காத்துக்கிடந்தவன் நான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றார்கள், விளக்கு எரியவில்லை என்றார்கள், கண்ணாடியை எங்கே வைத்தீர்கள் என்றார்கள். ஒருவர்கூட டிக்கி மூடவில்லை என்று சொன்னதில்லை.

"நகரு" என்றேன்.

"அடிச்சு உடைச்சிடாதீங்க" என்றாள் என் மனைவி, வாசற்படியிலிருந்து. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எதைப் பார்த்தாலும் முதலில் மோசமான முடிவைத்தான் எதிர்பார்ப்பாள்.

மூடியைச் சாத்தினேன். முறையான சாத்தல். கால்கள் தோள் அகலத்துக்கு, மூச்சு பாதி உள்ளே, உள்ளங்கை விரிந்து. 'டங்' என்று துள்ளி, என் மூக்கை நூலிழையில் தவறவிட்டது.

டிக்கி பூட்டு பெரிய விஞ்ஞானம் இல்லை. மூடியின் விளிம்பில் ஒரு கொக்கி, வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கீழே வண்டி உடலில் ஓர் இரும்பு வளையம். மூடி இறங்கும்போது வளையம் கொக்கியின் வாய்க்குள் போகும், கொக்கி வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற நெம்புகோலை இழுத்தால் ஒரு கம்பி கொக்கியின் வாயைத் திறந்துவிடும். மூடி எழும்பும்.

"உள்ள ஏதாவது இடிக்குதான்னு பாருங்க" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். காலி டிக்கி. 'டங்'.

சுற்றிலும் ஓடுகிற ரப்பர் எங்காவது மடிந்திருக்கிறதா என்று மகள் விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். மடியவில்லை. கீல் இரண்டும் பார்த்தோம். குப்பை இல்லை, துரு இல்லை, பிறந்த குழந்தையின் முட்டி மாதிரி இருந்தது.

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவரைக் 'கயிறு' என்றுதான் தெருவில் சொல்வோம். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்து. கதவு காற்றில் ஆடினால் கயிறு, பைப்பு கழன்றால் கயிறு. தன் மகன் படிக்கவில்லை என்று வாத்தியார் சொல்லியனுப்பியபோதுகூட, கையில் ஒரு சுருளோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனார் என்பார்கள்.

"அண்ணே, எதுக்கு மெனக்கெடறீங்க? ஒரு முழம் கயிறு போதும். கட்டிட்டுப் போகலாமே" என்றார். கயிறு ஏற்கெனவே கையில் இருந்தது.

"பர்மிட் வாங்கப் போற வண்டிய மாடு மாதிரி கட்டியா இழுத்துட்டுப் போறது?" என்றாள் மனைவி.

நான் வளையத்தின் முன் குனிந்து, வைத்தியர் நாடி பார்ப்பது போல இரண்டு விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். இது கட்டாயம் இல்லை. ஆனால் சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

"வளையம் உயரமா இருக்கு. இறக்கணும்."

"நேத்து வரைக்கும் நல்லா மூடிச்சேப்பா" என்றாள் மகள்.

"நேத்து வேற. இன்னிக்கு வேற."

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வளையத்தின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இறக்கி முடுக்கினேன். 'டங்'. இன்னும் அரை நூல். 'டங்'. பிறகு சற்று பலமாகச் சாத்தினேன். அந்தச் சாத்தலில் எங்கள் மாடியில் மூன்று வருடமாக நின்றுகிடந்த சுவர்க் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. டிக்கி மட்டும் மூடவில்லை.

"கைல மருந்து இல்லாத டாக்டர்தான் இப்படிக் கன்னத்துல தட்டித்தட்டிப் பார்ப்பாரு" என்றாள் மனைவி, கயிற்றுக்காரரிடம்.

மணி ஒன்பதரை. மகள் நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்காமல் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வை போலத் தெரிந்தது. பன்னிரண்டு ஆணிகள் உள்ள சுவர்.

மாப்பிள்ளை குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தார். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் அவருக்கு வேலை. நல்ல மனிதர், ஆனால் உலகத்தையே ஒரு பல்செட்டாகப் பார்ப்பவர். கல்யாணம் ஆன புதிதில் என்னை முதன்முதலாகச் சிரிக்கவைத்துவிட்டு, "மாமாவுக்கு மேல் வரிசையில நாலு ஒரிஜினல் இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர்.

வந்தவர் இரண்டு 'டங்' கேட்டார். தலையை ஆட்டினார்.

"கடி சரியில்ல மாமா."

"எனக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான். உங்களுக்கு அப்புறம் பார்க்கலாம். மேல எங்க இடிக்குது, கீழ எங்க இடிக்குதுன்னு தெரியாம சும்மா இறக்கிட்டே போனா எப்படி? இருங்க, காகிதம் எடுத்துட்டு வர்றேன்."

புதுப் பல் வைத்ததும் "கடிங்க, கடிங்க" என்று வாயில் ஒரு நீலக் காகிதம் வைப்பார்களே, அது. எந்த இடம் இடிக்கிறதோ அங்கே மை ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு துண்டை இரும்பு வளையத்தின் மேல் போர்த்தினார். முப்பத்தெட்டு வருடம் பூட்டுகளோடு குடும்பம் நடத்தியவன் நான். என் முன்னால் ஒரு டிக்கிக்குப் பல் வைத்தியம் நடந்தது. பொறுத்துக்கொண்டேன்.

"இப்பக் கடிக்கச் சொல்லு" என்றார் மகளிடம்.

'டங்'.

காகிதத்தை எடுத்தார். வளையத்தின் உச்சியில், சரியாக நடுவில், நீலமாக ஒரு கோடு. பிறகு மூடியின் அடியில் தலையை விட்டுக் கொக்கியைப் பார்த்தார். அதன் வெளிப்பக்கத்திலும் அதே நீலம்.

"பாருங்க. ஒரு மயிரிழைகூட விலகல. நேரா நடுவுலதான் படுது. வளையத்துமேல தப்பே இல்ல மாமா." கொக்கியை விரலால் தட்டினார். "ஆனா இது வாயத் திறக்கவே இல்லையே. மூடின வாய்க்குள்ள எப்படிச் சாப்பாடு போகும்? இந்தப் பூட்டே இப்படித்தானா?"

எனக்கு நேற்று சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

நேற்று சாயங்காலம் வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தாள். நான் தனியாக இருந்தேன். டிக்கி திறந்திருந்தது. கொக்கி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. பழைய பாடகனுக்கு எதிரே மைக்கை வைத்தது போலாகிவிட்டது. பதினோரு வருடமாக நான் ஒரு கொக்கியின் குரலைக் கேட்டதில்லை. சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை அதன் வாயில் வைத்து லேசாக ஒரு அழுத்து. 'க்ளிக்'. இன்னொரு அழுத்து. 'க்ளிக்'. அருமையான குரல். முதல் க்ளிக் கேள்வி, இரண்டாவது பதில். அப்படியே உருகிப்போய் நின்றேன். அதற்குள் மனைவி கூப்பிட்டாள், மூடியை மெதுவாகச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதாவது, கொக்கியின் வாயை மூடியவன் நான். மூடிய வாயோடு விட்டுவிட்டுப் போனவனும் நான். அந்த மூடிய வாயில் ஒரு மணி நேரமாக எல்லோரும் இரும்பைக் கொண்டு இடித்துக்கொண்டிருந்தோம். இதற்குப் பரிகாரமும் எனக்குத் தெரியும். நெம்புகோலை ஒரு தடவை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திறந்து கிடக்கிற டிக்கியைத் திறக்க யார் நெம்புகோலை இழுப்பார்கள்? யாருக்கும் தோன்றாது. சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவி கேட்பாள். அவள் கேட்டால் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் சாப்பிடாத மாத்திரையைக்கூட ஒப்புக்கொள்வார்கள்.

மணி பத்து.

என் முப்பத்தெட்டு வருடத்தையும் மகளின் பதினொரு மணியையும் இரண்டு கையில் வைத்து எடை பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் இருந்த நீளமான கை பக்கம் தாழ்ந்தது என்று சொன்னால் அது அவ்வளவு பெரிய பொய்யாக இருக்காது. நல்லவேளை, வெகுநேரம் தாழவில்லை.

"கண்ணாடிய வண்டிக்குள்ள விட்டுட்டேன்னு நினைக்கறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவுக்கு நடந்தேன்.

இருக்கையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போது அங்கே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் கை நெம்புகோலின் மேல் இருந்தது.

"கண்ணாடி உங்க மூக்குமேல இருக்குப்பா" என்றாள் மெதுவாக.

நான் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"விரலா, ஸ்க்ரூடிரைவரா?"

"ஸ்க்ரூடிரைவர்."

"எத்தனை க்ளிக்?"

"ரெண்டு."

"அதான்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அங்க என்ன பேச்சு?" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா, டிக்கியத் திறக்கறேன்."

"திறந்துதானே கிடக்கு!" என்றார் கயிறு. "திறந்திருக்கிற டிக்கிய எதுக்கும்மா திறக்கறே? அண்ணே, பொண்ணுக்குப் பதற்றம். தண்ணி குடுங்க."

மகள் நெம்புகோலை இழுத்தாள். பின்னால் மூடியில் 'தக்' என்று ஒரு சின்னச் சத்தம். மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "வாயத் திறந்திடுச்சு!" என்று கத்தினார். மகள் இறங்கி வந்தாள். எல்லா சாமான்களையும் மறுபடி அடுக்கினாள். மூடியை இறக்கினாள்.

'டப்'.

கயிற்றுக்காரர் தன் கயிற்றை மெல்லச் சுருட்டிக்கொண்டார்.

அந்த 'டப்'பில் ஓர் இறுக்கம் இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. வளையத்தைத் தேவையில்லாமல் ஒரு நூல் இறக்கிவைத்தவன் நான். இறக்கின வளையம் மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மணி பத்து பத்து. சொன்னால் மறுபடியும் ஸ்பேனர், மறுபடியும் யார் இறக்கியது என்ற பேச்சு. மூடிவிட்டதே, போதாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நானும் வருகிறேன் என்றேன். மகள் யோசித்தாள்.

"வாங்க. அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல. ஆனா ஒரு கண்டிஷன். அங்க போய் முத்திரை விழற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது. ஆய்வாளருக்குப் பாடம் எடுக்கக் கூடாது."

"நான் எப்போ பாடம் எடுத்தேன்?"

"ஆரம்பிச்சிட்டீங்க பாருங்க."

ஒப்புக்கொண்டேன். வழியில் பாதித் தூரம் போனபிறகு கேட்டேன், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று.

"அந்த நீலக் கோட்டப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. பின்னாடி ஏறுற ஆளுங்க பெட்டிய வெச்சுட்டு, சும்மா இருக்காம அந்தக் கொக்கியத் தட்டிப் பார்ப்பாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்கும்."

"அந்தப் பார்வை ரத்தத்துல வர்றது" என்றேன்.

"இல்லப்பா. ஸ்டாண்டுல வந்தது" என்றாள், கியரை மாற்றிக்கொண்டே.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிலையத்துக்குள் நுழைந்தோம். தகரக் கூரை, கீழே எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை, குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. கூட வந்தவர்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்றேன். என் இடப்பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர், தன் முறைக்காகக் காத்திருப்பவர். தாராளமான மீசை, அதைவிடத் தாராளமான அக்கறை.

ஆய்வாளர் ஒல்லியாக, அட்டையில் சொருகிய தாளோடு வந்தார். வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். "விளக்கு." எரிந்தது. "பிரேக்." நின்றது. "ஹாரன்." அடித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டிக். பிறகு வண்டியின் பின்னால் போய் நின்றார்.

"டிக்கி. திற."

மகள் உள்ளே நெம்புகோலை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தாள். மூடி அசையவில்லை.

காலையில் மூடமாட்டேன் என்றது, இப்போது திறக்கமாட்டேன் என்றது. நான் இறக்கிவைத்த அந்த ஒரு நூல் மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறது, கொக்கி அந்த இறுக்கத்தில் சிக்கியிருக்கிறது. எனக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. ஆய்வாளரின் பேனா டிக் போடுகிற கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

என் வாய் திறந்தது. நான் மூடினேன். மறுபடி திறந்தது. கைக்குட்டையை எடுத்து வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவரே, வாந்தி வருதா?" என்றார் லாரி ஓட்டுநர்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். வியர்த்துக் கொட்டியது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ கனத்த மூடிகளை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். என் வாயைப் போல் எதிர்த்த மூடியைக் கண்டதில்லை.

மகள் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். என்னை இல்லை. மூடியை. பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சார், ஒரு உதவி. மூடிமேல ரெண்டு கையையும் வைங்க."

ஆய்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "நானா?"

"ஆமா சார். பூட்டுக்கு நேரா. நல்லா அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே பிடிங்க."

அந்த மனிதர் வாழ்க்கையில் எத்தனையோ பேரை 'திற', 'மூடு' என்று ஏவியிருப்பார். அவரை யாரும் 'அழுத்து' என்று சொன்னதில்லை போலிருக்கிறது. அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி அழுத்தினார். இறுக்கம் தளர்ந்த அந்த நொடியில் மகள் நெம்புகோலை இழுத்தாள். 'தக்'. மூடி அவர் கையோடு எழும்பியது.

உபரிச் சக்கரம், முக்கோணம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்தார். டிக் போடவில்லை.

"இது ஏன் இப்படி?" என்றார். அதுவரை அவர் பேசியதில் மிக நீளமான வாக்கியம்.

"காலைல வளையத்த இறக்கி வெச்சதுல ஒரு நூல் அதிகமாயிடுச்சு சார். அதான் இழுத்துப் பிடிக்குது. இப்பவே சரி பண்ணிடறேன், ரெண்டு நிமிஷம்."

"யார் இறக்கினது?"

கோட்டுக்குப் பின்னால் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதித் திரும்பல்கூட இல்லை.

"என் வண்டி சார். நான்தான் பொறுப்பு."

என் வண்டி. எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. முதலாளி வண்டி, பன்னிரண்டாம் நம்பர் வண்டி, ஸ்டாண்டு வண்டி என்பாள். இன்று இதைச் சொல்லும்போது குரலில் நடுக்கமும் இல்லை, அலட்டலும் இல்லை. 'டப்' என்று சொன்னாள்.

ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தினாள். நான் என்றால் கண்ணை மூடி, நாடி பிடித்து, நாலு பேரைத் திரும்பிப் பார்த்திருப்பேன். அவள் வளையத்தைக் கட்டைவிரலால் தள்ளி, பழைய முடுக்கின் தடம் பெயின்ட்டில் எங்கே பதிந்திருக்கிறதோ, அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினாள். அந்தத் தடம் காலையிலேயே அங்கே இருந்தது. முப்பத்தெட்டு வருடக் கண் அதைப் பார்க்கவில்லை. முடுக்கினாள். மூடியை ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

அது தானாக இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுதமுடியாது. நான் மூடிய இருபத்து மூன்று லட்சம் டிக்கிகளில் நாலோ ஐந்தோதான் அப்படிப் பேசியிருக்கும்.

ஆய்வாளர் தானே திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். மூன்றாவது தடவை வேலைக்காக இல்லை, ருசிக்காக என்று எனக்குத் தெரிந்தது. பிறகு டிக் போட்டார். மேசைக்குப் போய் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். மகள் பக்கத்தில் நின்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பெரியவரே அந்தப் பொண்ணு? ஆய்வாளரையே வேலை வாங்குது!" என்றார் லாரி ஓட்டுநர்.

முத்திரை இன்னும் விழவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். நான் பேசவில்லை. மகளைச் சுட்டிக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "நெஞ்சு வலிக்குதா?"

இல்லை, இல்லை என்று கையை ஆட்டி, மறுபடியும் அவளைக் காட்டி, நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினேன்.

"ஐயோ, அந்தப் பொண்ணு டாக்டராம்! கூப்பிடச் சொல்றாரு! தண்ணி கொண்டாங்க!" என்று அவர் அலறினார். ஒருவர் பாட்டிலோடு ஓடிவந்தார். ஒருவர் வண்டிக் காகிதக் கட்டால் விசிறினார். மூன்றாவது ஆள் அனுமதி கேட்காமல் என் சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்றாவது பித்தான் வரை பொறுத்தேன்.

"நெஞ்சு வலி இல்லய்யா! என் பொண்ணுய்யா அவ! என் பொண்ணு!"

நானூறு இயந்திரங்கள் ஓடுகிற கூடத்தில் பேசிப் பழகிய குரல் அது. தகரக் கூரையிலிருந்து புறாக்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. பக்கத்து வரிசையில் பிரேக் சோதிக்கிற கருவியின் முள், வண்டியே இல்லாமல் ஒரு அளவு காட்டியது. ஆய்வாளர் துள்ளினார். உயர்ந்திருந்த முத்திரை தாளில் சாய்வாக விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், அதை எடுக்க முடியாது.

"யாரது?" என்றார்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சட்டை திறந்து, நான்கு பேர் நடுவில், தலையில் தண்ணீர் சொட்ட நின்றேன். அவள் சிரிப்பை அடக்கவில்லை.

"எங்க அப்பா சார்."

"கோட்டுக்குப் பின்னால நிக்கச் சொல்லு."

அந்தத் தாள் இப்போது அவள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. காலையில் ஐந்தரைக்கு எடுத்தால் சாயங்காலம் வரை வண்டிக்கு ஓய்வு இல்லை. பின்னால் ஏறுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னம்மா, முத்திரை கோணலா இருக்கு?" என்று கேட்பார்களாம்.

"எங்க அப்பா குத்தினது" என்பாளாம்.